கடலோர இரும்புக்குக் கிராபீன் பூச்சு: தேர்வு, கலவை, பூசும் முறை

கடற்கரைக்கு ஓரிரு கிலோமீட்டருக்குள் இரும்பு வேலை செய்து நிறுத்தியிருப்பவர்களுக்கு, அது மாடியில் நிற்கும் தண்ணீர்த் தொட்டியின் ஸ்டாண்டாக இருந்தாலும் ஐஸ் பட்டறையின் கூரை டிரஸ்ஸாக இருந்தாலும், ரெட் ஆக்சைடும் அதன்மேல் எனாமலும் எத்தனை நாள் தாங்கும் என்பது நன்றாகவே தெரியும். முதல் ஆண்டு முடிவதற்குள் வெல்டிங் ஓரங்களில் பழுப்பு கசியத் தொடங்கும். இரண்டாவது அடைமழைக்குப் பிறகு பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிரும். இந்தத் தொல்லைக்கு மருந்தாகக் கிராபீன் கலந்த பிரைமர்களும், ஹார்டனர் என்ற இறுக்கியைச் சேர்த்ததும் கெட்டியாகும் பிசினான எபாக்சிகளும் இப்போது கடைக்கு வந்திருக்கின்றன. அவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிக் கலப்பது, எந்த அடுக்கில் பூசுவது, பூசியபின் எப்படிச் சோதிப்பது என்பதைப் பட்டறை வைத்திருப்பவரும் வீட்டு வேலையைத் தாமே மேற்பார்வை பார்ப்பவரும் பின்பற்றும்படி இங்கே எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கிராபீன் தனக்குரிய அடுக்கில் இருந்தால் பூச்சின் ஆயுளைக் கூட்டும். இடம் மாறினால், பூச்சே இல்லாத இரும்பைவிட வேகமாகத் துருப்பிடிக்க அதுவே காரணமாகிவிடும்.

கிராபீன் எதைத் தடுக்கிறது, எதைத் தூண்டுகிறது

கிராபீன் என்பது கரி அணுக்கள் அறுகோண வடிவில் கோத்து நிற்கும், ஓர் அணு கனமே உள்ள தகடு. 2004-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் அதைத் தனியே பிரித்து ஆராய்ந்தார்கள். 2010-இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. குறையில்லாத ஒரு தகட்டின் ஊடாக ஹீலியம் வாயுகூடப் புகாது என்பதை 2008-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஹீலியமே புகாத இடத்தில் நீரும் ஆக்சிஜனும் குளோரைடும் எப்படிப் புகும் என்ற கேள்வியிலிருந்துதான் அரிமானத் தடுப்புக்குக் கிராபீனைப் பயன்படுத்தும் எண்ணமே பிறந்தது. 2012-இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், மேலே கிராபீன் வளர்க்கப்பட்ட செம்பு வெறும் செம்பைவிட 7 மடங்கும், பல அடுக்குக் கிராபீன் வளர்க்கப்பட்ட நிக்கல் வெறும் நிக்கலைவிட 20 மடங்கும் மெதுவாக அரிக்கப்பட்டதாக அளந்தார்கள். விளம்பரத் தாள்களில் இன்றும் ஏதாவதொரு வடிவில் தலைகாட்டுபவை இத்தகைய எண்கள்தாம்.

விளம்பரத் தாளில் வராத ஆய்வு அதற்கடுத்த ஆண்டே வந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள் கிராபீன் மூடிய செம்பை மாதக்கணக்கில் சாதாரண அறைக் காற்றில் வைத்துப் பார்த்தார்கள். சூடேற்றிச் சில மணி நேரம் வைத்தபோது அருமையாகக் காத்த அதே தகடு, நீண்ட காலத்தில் வெறும் செம்பைவிட அதிகமாக ஆக்சைடு ஏற விட்டிருந்தது. இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் பிற்பாடு சொல்லப்போகும் விதிகள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

கிராபீன் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். எளிதில் அரிபடாதவை மேலே, எளிதில் அரிபடுபவை கீழே என்று அடுக்கும் மின்வேதி வரிசையில் கிராஃபைட்டைப் போலவே, ஏறக்குறைய தங்கம், பிளாட்டினத்துக்குப் பக்கத்தில் நிற்கும். இரும்பு அந்த வரிசையில் வெகு கீழே இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் நனைந்தால், கிராபீன் எதிர்மின்வாயாகவும் இரும்பு நேர்மின்வாயாகவும் ஆகி, இரும்பு கரையத் தொடங்கும். கிராபீன் பரப்பு பெரிதாகவும், கீறலில் தெரியும் இரும்பு சிறிதாகவும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பெரிய எதிர்மின்வாய் முழுவதும் கேட்கும் மின்னோட்டத்தை அந்த மயிரிழைக் கீறலே கொடுத்தாக வேண்டும், ஆகவே அங்கே துரு பரவாமல் ஆழமாக இறங்கும். விமானத் தொழிலில் கார்பன் இழைக் கலவையும் அலுமினியமும் நேராகத் தொடாதபடி நடுவே கண்ணாடி இழை அடுக்கு வைப்பது இதே அச்சத்தால்தான். அலுமினியத்திலும் மக்னீசியத்திலும் இந்த மின்னழுத்த வேறுபாடு இரும்பில் உள்ளதைவிடக் கூடுதல் என்பதால், அந்த உலோகங்களின்மேல் கிராபீன் பூச்சை நேரடியாகப் பூச வேண்டாம்.

ஆய்வகத்தில் மீத்தேன் வாயுவை ஏறத்தாழ 1000 பாகை செல்சியஸில் செலுத்திச் செம்பின்மேல் வளர்க்கும் தகடு நம் வேலைக்கு உதவாது. அந்தச் சூட்டில் இரும்பு கரியைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும் என்பதால் சாதாரண எஃகின்மேல் அதை ஒழுங்காக வளர்ப்பதும் கடினம். நிமிர்த்தி நிறுத்திய தூணைக் கழற்றி உலைக்குள் வைக்கவும் முடியாது. நமக்குக் கிடைப்பது கிராபீன் செதில்கள் கலந்த எபாக்சி. அங்கே செதில்கள் வேலை செய்யும் விதமே வேறு. கீற்றுக்கு மேல் கீற்றாக வேய்ந்த கூரையைப் போலப் பிசினுக்குள் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும். நீரும் குளோரைடும் நேராக இறங்க முடியாமல் ஒவ்வொரு செதிலையும் சுற்றி வளைந்து செல்ல வேண்டியிருப்பதால் இரும்பை அடையப் பல மடங்கு காலம் பிடிக்கும். செதில்கள் ஒன்றோடொன்று தொடாமல், இரும்பையும் தொடாமல், பிசினுக்குள் தனித்தனியாக மூழ்கிக் கிடக்க வேண்டும் என்பதுதான் இதன் நிபந்தனை.

இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

சந்தையில் உள்ள கிராபீன் பூச்சுகள் இரண்டு வகைப்படும். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு வாங்குவதுதான் அடிக்கடி நடக்கும் குளறுபடி.

முதலாவது தடுப்பு வகை. இதில் கிராபீன் மின்சாரம் கடத்தாத எபாக்சிக்குள் மிகச் சிறிய அளவில் கலக்கப்பட்டிருக்கும்; உலர்ந்த படலத்தின் எடையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக, பெரும்பாலும் அதில் பாதிக்கும் கீழே. கூடுதலாகச் சேர்த்தால் கூடுதல் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. அளவு ஏற ஏறச் செதில்கள் திரண்டு கட்டியாகும், கட்டிக்குள் நுண்துளை விழும், செதில்கள் ஒன்றையொன்று தொட்டுப் படலம் முழுவதும் மின்பாதை ஒன்று உருவாகிவிடும். அதன்பின் அது தடுப்புச் சுவராக இராது.

இரண்டாவது துத்தநாக வகை. துத்தநாகச் செறிவுப் பிரைமர் என்பது உலர்ந்த படலத்தில் எடைக்கு 80 விழுக்காடும் அதற்கு மேலும் துத்தநாகத் தூள் கொண்டது. இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் தன்னைக் கொடுத்துக் கரையும். அதற்குத் தூள்கள் ஒன்றையொன்று தொட்டு, இரும்பையும் தொட வேண்டும். தொடர்பு அறுந்த தூள் வீணாகக் கிடக்கும். இங்கே கிராபீன் துத்தநாகத் துணுக்குகளுக்கு இடையே கம்பி இழுத்ததைப்போல் மின்தொடர்பு ஏற்படுத்துவதால், குறைந்த துத்தநாகத்தைக் கொண்டே அதே பயனைப் பெற முடிகிறது, படலமும் எடை குறைந்து நன்றாக ஒட்டுகிறது. தடுப்பு வகையில் பகையாக இருந்த மின்கடத்தும் தன்மை இங்கே நட்பாகிவிடுகிறது.

எதை எடுப்பது என்பதை உங்கள் இரும்பின் மேற்பரப்பு தீர்மானிக்கும். பிளாஸ்டிங் செய்து, அதாவது கடினத் துகளை அதிவேகமாக அடித்துத் துருவை உரித்து, வெள்ளி நிறத்தில் இரும்பைக் கொண்டுவர முடியும் என்றால் துத்தநாக வகையை எடுக்கலாம். கிரைண்டரும் எமரியும் மட்டுமே உள்ள இடத்தில் துத்தநாகப் பிரைமர் வாங்கிப் பயனில்லை. மிச்சத் துருவின்மேல் உட்கார்ந்த துத்தநாகம் இரும்பைத் தொடாது. அங்கே தடுப்பு வகைதான் பொருந்தும். வீட்டுக்குள் இருக்கும் ஜன்னல் கிரில்லுக்கு இரண்டும் வேண்டாம், ரெட் ஆக்சைடே போதும். குடிநீர்த் தொட்டியின் உட்புறத்துக்கு, குடிநீருக்கு ஏற்றது என்ற தனிச் சான்று இல்லாத எந்தக் கிராபீன் பூச்சையும் பூசக் கூடாது. காருக்குப் பூசும் 'கிராபீன் கோட்டிங்' புட்டிகளும் இதில் சேராதவை. அவை பெரும்பாலும் சிலிக்கா சார்ந்த மெருகுப் பூச்சுகள், பெயின்டின் பளபளப்பைக் காக்கவே செய்யப்பட்டவை.

டப்பாவுக்குள் இருப்பது கிராபீன்தானா

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகெங்கும் 60 நிறுவனங்களின் கிராபீன் மாதிரிகளை வாங்கிச் சோதித்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றில் உண்மையான கிராபீன் 10 விழுக்காட்டுக்கும் குறைவு. எந்த ஒன்றிலும் 50 விழுக்காட்டைத் தாண்டவில்லை. மிச்சம் நுணுக்கி அரைத்த கிராஃபைட். பத்து அடுக்கு வரை உள்ள செதிலைத்தான் கிராபீன் குடும்பத்தில் சேர்ப்பது உலக வழக்கு. அதற்கு மேல் கனத்தால் அது கிராஃபைட் தூள், இரும்புக்கு மேல் கிராஃபைட் தூளைத் தூவுவதில் நன்மையைவிடத் தீமையே மிகுதி.

ஆகவே விற்பவரிடம் மூன்று விவரங்களை எழுத்தில் கேளுங்கள். செதிலின் சராசரி அடுக்கு எண்ணிக்கை என்ன, அதை நிறுவும் ராமன் அலைமாலை அறிக்கை (லேசர் ஒளியைப் பாய்ச்சிச் செதிலை அடையாளம் காணும் சோதனை) உண்டா, உலர்ந்த படலத்தில் கிராபீன் எத்தனை விழுக்காடு என்பவை அவை. ராமன் வரைபடத்தில் 1350, 1580, 2700 என்ற மூன்று அலையெண்களுக்கு அருகே மேடுகள் தெரியும். முதல் மேடு செதிலின் குறைபாட்டையும், கடைசி மேட்டின் வடிவம் அடுக்குகளின் எண்ணிக்கையையும் காட்டும். படிக்கத் தெரியாவிட்டாலும் கேளுங்கள். அறிக்கையைத் தயங்காமல் எடுத்துத் தருபவருக்கும், பேச்சை மாற்றுபவருக்கும் உள்ள வேறுபாடே பாதி விடையைச் சொல்லிவிடும். உப்புத்தூவல் சோதனை அறிக்கை காட்டினால், தகட்டில் இரும்பு தெரியும்வரை கீறிவிட்டுச் சோதித்தார்களா என்று பாருங்கள். கீறாத தகடு ஆயிரம் மணி நேரம் அழகாகத்தான் நிற்கும். கிராபீனின் கெடுதல் வெளிப்படுவது கீறலில்தான்.

தூளாக வாங்கி நீங்களே எபாக்சியில் கலக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் பதில். காற்றில் பறக்கும் அந்த மெல்லிய தூள் நுரையீரலுக்கு ஆகாது என்பது ஒரு காரணம். பட்டறையில் இருக்கும் டிரில் கலக்கியால் திரண்ட செதில்களைப் பிரிக்க முடியாது என்பது மற்றொன்று. பிசினிலோ கரைப்பானிலோ ஏற்கெனவே பிரித்து நிறுத்திய குழம்பாக வாங்குங்கள், இல்லாவிட்டால் ஆலையிலேயே கலந்த பெயின்டாக வாங்குங்கள்.

மேற்பரப்பைத் தயார் செய்தல்

செலவிலும் நேரத்திலும் பெரும்பங்கு இங்கேதான் போக வேண்டும். பெயின்ட் உரிவதற்குப் பெயின்டைக் குறைசொல்லும் பல இடங்களில் குற்றம் அடியில் விட்ட உப்பிலும் எண்ணெயிலும் இருக்கிறது. கிராபீன் சேர்த்த விலையுயர்ந்த பூச்சும் அந்த உப்பின்மேல் நிற்காது.

முதலில் வெல்டிங் சிதறல்களைத் தட்டி எடுத்து, கூரான விளிம்புகளைக் கிரைண்டரால் உருட்டிவிடுங்கள். சுமார் 2 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைந்தால் போதும். எந்தப் பெயின்டும் உலரும்போது கூர்முனையிலிருந்து பின்வாங்கும் என்பதால் ஆங்கிளின் விளிம்பில் எப்போதும் படலம் மெலிந்தே இருக்கும். பிறகு எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புநீராலோ கரைப்பானாலோ துடைத்தெடுங்கள். பிளாஸ்டிங்குக்கு முன்னால் இதைச் செய்யாவிட்டால் பிளாஸ்டிங் அந்த எண்ணெயை இரும்புக்குள் அடித்து இறக்கிவிடும்.

அடுத்தது உப்பு. கடலோரத்தில் நின்ற இரும்பின் துருக்குழிகளுக்குள் குளோரைடு தங்கியிருக்கும். உலர்ந்த தேய்ப்பால் அது போகாது, நல்ல நீரால் அழுத்திக் கழுவ வேண்டும். இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கடலோர ஊர்களின் ஆழ்குழாய்த் தண்ணீரே உப்பு. அதைக் கொண்டு கழுவுவது உப்பைப் பூசுவதற்குச் சமம். வாட்டர் பில்டர்காரர்கள் கையில் வைத்திருக்கும், நீரில் கரைந்த உப்பைக் காட்டும் சிறிய டி.டி.எஸ். மீட்டரால் தண்ணீரை அளந்து, 100 பி.பி.எம்.முக்கு (லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு) கீழே உள்ள மழைநீரையோ ஆர்.ஓ. நீரையோ கடைசிக் கழுவலுக்காவது பயன்படுத்துங்கள்.

கழுவிய பிறகும் உப்பு மிச்சமிருக்கிறதா என்று அறிய அதே மீட்டர் போதும். 10 சென்டிமீட்டர்ச் சதுரம் ஒன்றைச் சாக்குக்கட்டியால் வரைந்துகொள்ளுங்கள். 50 மில்லி காய்ச்சி வடித்த நீரை ஒரு சுத்தமான டம்ளரில் எடுத்து, மீட்டர் காட்டும் அதன் டி.டி.எஸ். அளவைக் குறியுங்கள். கையுறை அணிந்த கையால் பஞ்சை அந்நீரில் நனைத்து, சதுரத்தை நன்றாகத் துடைத்து, பஞ்சை டம்ளருக்குள்ளேயே பிழியுங்கள். இதை நான்கைந்து முறை செய்துவிட்டு மறுபடி அளங்கள். அளவு 10 பி.பி.எம். உயர்ந்திருந்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் உப்பு என்று பொருள். கப்பல் நிலைகுலையாமல் இருக்கக் கடல்நீர் நிரப்பும் நிலைநீர்த் தொட்டிகளுக்குப் பன்னாட்டுத் தரம் அனுமதிக்கும் எல்லை அது. பஞ்சு எல்லா உப்பையும் எடுத்துவிடாது என்பதால் 5 பி.பி.எம்.மை உங்கள் எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது. கூடினால் மறுபடி கழுவுங்கள். கையுறை இல்லாமல் செய்தால் உங்கள் வியர்வையைத்தான் அளப்பீர்கள்.

பிளாஸ்டிங்கை எஸ்ஏ 2½ என்ற தரத்துக்குக் கேளுங்கள். இரும்பில் இலேசான நிழல்கறை மட்டும் மிஞ்சலாம், துருவும் பழைய பெயின்டும் மிஞ்சக் கூடாது. சொரசொரப்பு 50 முதல் 75 மைக்ரான் வரை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தால் எபாக்சி நன்றாகப் பிடிக்கும். ஆற்று மணலைக் கொண்டு பிளாஸ்டிங் செய்பவர்களைத் தவிருங்கள். அந்தச் சிலிக்காத் தூசு தொழிலாளர்களுக்குச் சிலிகோசிஸ் என்ற தீராத நுரையீரல் நோயைக் கொடுக்கும். கார்னெட் என்ற கடினக் கல்லின் துகளோ எஃகுத் துகளோ பயன்படுத்துபவரைத் தேடுங்கள். பிளாஸ்டிங் கிடைக்காத இடத்தில் கம்பிக் கிண்ணத்தைக் கிரைண்டரில் மாட்டித் தேய்ப்பது வழக்கம். அது துருவை எடுப்பதைவிட அதை மெருகேற்றிவிடுகிறது. கம்பிக்குப் பிறகு 60-ஆம் எண் ஃபிளாப் டிஸ்க்கால் மறுபடி கீறிச் சொரசொரப்பாக்குங்கள்.

வானிலையும் வேளையும்

தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், தை முதல் சித்திரை வரை வேலைக்கு ஏற்ற காலம். வேளை என்றால், இரவில் குளிர்ந்த இரும்பு பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு) மேல் சூடேறும்வரை காத்திருந்து தொடங்கி, மாலை ஈரம் இறங்குமுன் முடிக்க வேண்டும். விதி இதுதான்: இரும்பின் வெப்பம் காற்றின் பனிநிலையைவிட 3 பாகையாவது கூடுதலாக இருக்க வேண்டும், ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. காற்று 30 பாகையும் ஈரப்பதம் 80 விழுக்காடும் உள்ள ஒரு நாளில் பனிநிலை ஏறக்குறைய 26 பாகை. ஆகவே இரும்பு 29 பாகைக்குக் குறையக் கூடாது. இதற்குக் கீழே போனால் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்துவிடும். உச்சி வெயிலில் தொட முடியாதபடி கொதிக்கும் இரும்பிலும் பூச வேண்டாம். கரைப்பான் கொப்பளித்துப் படலத்தில் ஊசித்துளை விழும்.

பிளாஸ்டிங் முடித்த இரும்பைக் கடலோரத்தில் இரவு தாண்ட விடாதீர்கள். பிற்பகலில் கடற்காற்று திரும்பும்போது உப்பும் கூடவே வரும். காலையில் எவ்வளவு பரப்பைப் பிளாஸ்டிங் செய்து அன்றே முதல் பூச்சைப் பூச முடியுமோ அவ்வளவு மட்டும் எடுங்கள்.

கலக்குதல்

ஆலையில் கலந்த பெயின்டானால் டப்பாவின் அடிவரை கலக்கியைவிட்டு நன்றாகக் கிளறி, பிறகு ஹார்டனரைச் சேர்த்தால் போதும். குழம்பை நீங்களே சேர்ப்பதானால் ஒரு கணக்கு வேண்டும். உதாரணமாக, ஹார்டனரும் சேர்த்து 5 கிலோ எபாக்சி இருக்கிறது, அதில் உலர்ந்தபின் மிஞ்சும் திடப்பொருள் 70 விழுக்காடு என்றால், அது 3.5 கிலோ. அதில் 0.3 விழுக்காடு கிராபீன் வேண்டுமானால் 10.5 கிராம். உங்கள் குழம்பில் கிராபீன் 5 விழுக்காடு என்றால் 210 கிராம் குழம்பை எடுக்க வேண்டும். கண்மதிப்பில் ஊற்றாமல் தராசில் நிறுங்கள். குழம்பின் கரைப்பான் உங்கள் எபாக்சிக்கு ஒத்துப்போகுமா என்பதை இரு உற்பத்தியாளர்களிடமும் கேட்டுவிடுங்கள். நீரில் பிரித்த கிராபீன் ஆக்சைடைக் கரைப்பான் எபாக்சியில் ஊற்றினால் கணத்தில் திரிந்துவிடும்.

ஹார்டனர் சேர்க்கும் முன், பிசின் பகுதியில்தான் குழம்பைச் சேர்க்க வேண்டும். மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே பல்சக்கரத் தகடு பொருத்திய அதிவேகக் கலக்கியில் கலக்குங்கள். கலவை சூடேறினால் நிறுத்தி ஆறவிட்டுத் தொடருங்கள். பிறகு ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து இன்னொரு கண்ணாடியின் விளிம்பால் மெல்லியதாக இழுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஒரே சீரான புகைச்சாம்பல் நிறம் தெரிந்தால் செதில்கள் பிரிந்துவிட்டன. கடுகு அரைத்ததைப்போல் கரும்புள்ளிகளும் அவற்றைச் சுற்றி வெளிறிய வட்டங்களும் தெரிந்தால் இன்னும் கட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டியும் நாளைக்கு ஒரு துருப்புள்ளி. இன்னும் கலக்கியும் புள்ளி போகாவிட்டால் அந்தக் கலவையை இரும்பின்மேல் பூசாதீர்கள்.

ஹார்டனரைச் சேர்த்தபின், பெயின்டுக்கு உற்பத்தியாளர் தரும் தரவுத்தாள் சொல்லும் நேரம் அப்படியே விட்டுவிட்டுப் பூசத் தொடங்குங்கள். நம் ஊர் வெயிலில் கலவை கெட்டியாகும் நேரம் தாளில் உள்ளதைவிடக் குறையும். அதற்கேற்பச் சிறு சிறு அளவாகக் கலப்பது நல்லது. இறுகத் தொடங்கிய கலவையைத் தின்னர் விட்டு இளக்குவது பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது. அது படலத்தைக் கெடுக்கும், மீதியைக் கழித்துவிடுங்கள். ஹார்டனர் தோலில் பட்டால் அரிப்பும் ஒவ்வாமையும் வரும், கரைப்பான் ஆவி தீப்பற்றும். கையுறையும் ஆவிக்கான முகமூடியும் அணிந்து, வெல்டிங் நடக்காத காற்றோட்டமான இடத்தில் கலக்குங்கள்.

அடுக்குகளும் பூசும் முறையும்

தடுப்பு வகைக்கு நான் பரிந்துரைக்கும் வரிசை இது. இரும்பின்மேல் முதலில் கிராபீன் இல்லாத துத்தநாகப் பாஸ்பேட் எபாக்சி பிரைமர், உலர்ந்த கனம் 50 முதல் 60 மைக்ரான். அதன்மேல் கிராபீன் எபாக்சி இரண்டு பூச்சு, ஒவ்வொன்றும் 75 மைக்ரான். கடைசியில் வெயிலைத் தாங்கும் பாலியூரித்தேன், 50 மைக்ரான். மொத்தம் 250 மைக்ரான் அளவில் வரும். கிராபீன் எபாக்சியை நேராக இரும்பின்மேலேயே பூசச் சொல்லும் தயாரிப்புகளும் உள்ளன. ஆனால் செதில் இரும்பைத் தொடவே வாய்ப்பில்லாதபடி நடுவில் ஒரு மெல்லிய மின்காப்பு அடுக்கை வைப்பதில் செலவு சிறிது, நிம்மதி பெரிது. மேலே பாலியூரித்தேன் இல்லாமல் விட்டால் எபாக்சி வெயிலில் சுண்ணாம்பைப்போல் பொடியும். துத்தநாக வகையானால் பிளாஸ்டிங் செய்த இரும்பின்மேல் துத்தநாகக் கிராபீன் பிரைமர் 60 முதல் 75 மைக்ரான், அதன்மேல் சாதாரண எபாக்சி, அதன்மேல் பாலியூரித்தேன்.

எவ்வளவு பெயின்ட் வாங்குவது என்பதற்கு, திடப்பொருளின் கன அளவு விழுக்காட்டை (எடை விழுக்காட்டை அல்ல) பத்தால் பெருக்கி, வேண்டிய உலர்கனத்தால் வகுக்க வேண்டும். 60 விழுக்காடு திடப்பொருள் உள்ள எபாக்சியை 75 மைக்ரானுக்குப் பூசினால் லிட்டருக்கு 8 சதுர மீட்டர் வரும். பிரஷ்ஷில் அடித்தால் ஐந்தில் ஒரு பங்கு சேதாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிள்களில் ஸ்பிரே அடித்தால் காற்றில் போவது அதைவிட மிகுதி.

ஒவ்வொரு பூச்சுக்கும் முன்னால் விளிம்புகள், வெல்டிங் கோடுகள், போல்ட் தலைகள், இரு ஆங்கிள்கள் முதுகோடு முதுகாக ஒட்டும் இடுக்குகள் ஆகியவற்றில் மட்டும் பிரஷ்ஷால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். இந்த வேலையைச் சோம்பலால் விட்டுவிடும் கான்டிராக்டர்கள் அநேகம். அருகில் நின்று வாங்க வேண்டிய வேலை இது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் முழுவதும் வெல்டிங் செய்த இணைப்புகளையும் அதன்மேல் சிலிக்கான் சார்ந்த பாலிசிலாக்சேன் பூச்சையும் பயன்படுத்தியிருப்பது கவனிக்கத்தக்கது. உப்புக்காற்று ஓயாத அந்த இடத்தில் இணைப்பின் இடுக்குகளைக் குறைப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

கிராபீன் அடுக்கு கரும்சாம்பல் நிறத்தில்தான் வரும். அதனால் ஒரு நன்மை உண்டு. சிவப்பு அல்லது வெளிர்நிறப் பிரைமரின்மேல் அதை அடிக்கும்போது விடுபட்ட இடம் உடனே கண்ணில் படும். ஈரமாக இருக்கும்போதே சீப்பு வடிவ அளவியை அழுத்திக் கனத்தைப் பாருங்கள். மேற்சொன்ன எபாக்சியில் 75 மைக்ரான் உலர்கனத்துக்கு 125 மைக்ரான் ஈரக்கனம் வேண்டும். அடுத்த பூச்சுக்கான இடைவெளியைத் தரவுத்தாளில் பார்த்து, உச்ச வரம்பு தாண்டிவிட்டால் எமரியால் இலேசாகத் தேய்த்துத் துடைத்த பிறகே மேற்கொண்டு பூசுங்கள்.

சோதனை

எபாக்சி அடுக்கு முழுதாக இறுகியபின், ஈரப் பஞ்சு வைத்த குறைமின்னழுத்தத் துளைகாணும் கருவியால் தடவிப் பார்க்கலாம். துளை உள்ள இடத்தில் கருவி ஒலிக்கும். தடுப்பு வகைப் பூச்சில் இது எல்லா இடத்திலும் ஒலித்தால் துளைகள் மலிந்துவிட்டன என்று பொருளில்லை. கிராபீன் மிகுந்து படலமே மின்சாரம் கடத்துகிறது என்றே பெரும்பாலும் பொருள். அத்தகைய பூச்சு நிற்கக் கூடாது. கருவி இல்லாதவர்கள் கலவையைச் சிறு கண்ணாடித் துண்டில் பூசி இறுகவிட்டு, மல்டிமீட்டரை மெகாஓம் அளவில் வைத்து இரு முனைகளையும் படலத்தின்மேல் தொட்டுப் பார்க்கலாம். மீட்டர் எந்த எண்ணையும் காட்டக் கூடாது. துத்தநாக வகைக்கு இந்தச் சோதனைகள் பொருந்தா.

ஆய்வகத்துக்கு அனுப்ப வசதி உள்ளவர்கள் மின்மறுப்புச் சோதனை (மாறுமின்னோட்டத்துக்குப் பூச்சு காட்டும் தடையை அளப்பது) கேட்கலாம். மிகக் குறைந்த அதிர்வெண்ணில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அளக்கும் மின்மறுப்பு நூறு கோடி ஓமை ஒட்டியிருந்தால் நல்ல பூச்சு. பத்து லட்சம் ஓமுக்குக் கீழே இறங்கினால் நீர் இரும்பை எட்டிவிட்டது. இத்துறையில் காரைக்குடியில் 'சிக்ரி' என்று எல்லோரும் அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. மண்டபத்தில் கடற்காற்றில் தகடுகளை வைத்துச் சோதிக்கும் நிலையமும் அதற்கு இருக்கிறது.

அதே முறையை உங்கள் மொட்டைமாடியிலும் செய்யலாம். அதே எஃகில் இரண்டு தகடுகள் எடுத்து, ஒன்றில் கிராபீன் உள்ள அடுக்குகளையும் மற்றதில் கிராபீன் இல்லாத அதே கனத்து எபாக்சியையும் பூசி, இரண்டிலும் இரும்பு தெரியும்வரை கத்தியால் பெருக்கல்குறி கீறி, கடலைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். ஒரு மழைக்காலம் போனபின் கீறலின் இரு பக்கமும் பெயின்டைச் சுரண்டி, துரு எத்தனை மில்லிமீட்டர் உள்ளே ஊர்ந்திருக்கிறது என்று அளங்கள். கிராபீன் தகட்டில் ஊர்வது மற்றதைவிடக் கூடுதல் என்றால் அந்தத் தயாரிப்பை அடுத்த வேலைக்கு வாங்காதீர்கள், விற்பவர் எந்த அறிக்கையைக் காட்டினாலும்.

பழுது பார்த்தல்

சாதாரண பெயின்டில் கீறலைக் கண்டும் காணாமல் அடுத்த ஆண்டுவரை விடுவது நம் வழக்கம். கிராபீன் பூச்சில் அது ஆகாது. ஏணி உரசிய இடம், சங்கிலி இழுத்த தடம், புதிதாக வெல்டிங் வைத்த மூலை எதுவானாலும் கண்ட வாரத்திலேயே சரிசெய்ய வேண்டும். துருவைத் தேய்த்தெடுத்து, சுற்றியுள்ள பூச்சின் விளிம்பைப் படிப்படியாக மெலியும்படி எமரியால் இழைத்து, நல்ல நீரால் துடைத்து உலரவிட்டு, கிராபீன் இல்லாத எபாக்சி பிரைமரை முதலில் தொட்டு, அதன்மேல் மற்ற அடுக்குகளை முன்பிருந்த வரிசையிலேயே பூசுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, கடும் வெயில் தொடங்கும் முன் ஒருமுறை என ஆண்டுக்கு இரண்டு தடவை முழுவதையும் நல்ல நீரால் கழுவி உப்பை இறக்கிவிட்டு, போல்ட் தலைகளையும் தூணின் அடிப்பாகத்தையும் கண்ணருகே வைத்துப் பாருங்கள். பயன்படுத்திய பிரைமர், கிராபீன் எபாக்சி, பாலியூரித்தேன் ஆகியவற்றின் பெயரையும் தொகுதி எண்ணையும் பூசிய தேதியோடு எழுதி வைத்தால், தொட்டுப் பூசும்போது அதே பொருளைத் தேடி வாங்க முடியும்.